ஆனேக்கல் வரை பேசிக்கொண்டே

நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து போன மாதம் ஓர் இளம் டாக்டர் போன் செய்தார். நுரையீரல் பிரிவில் டாக்டர் சேஷாத்ரியின் படத்தைத் திறந்துவைக்கப் போகிறார்களாம். அவரோடு நெடுநாள் வேலை செய்தவள் என்ற முறையில் நான் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். "நல்லதா நாலு வார்த்தை சொன்னா போதும் மேடம்" என்றார். நாலு வார்த்தை தாராளமாகச் சொல்லலாம். ஐந்தாவது வார்த்தை தானாக வாயில் வந்துவிடும் என்ற பயத்தில் மறுத்துவிட்டேன். மேடையில் சொல்ல முடியாததை எழுதிவிடலாம். எழுதினால் யாரும் மைக்கைப் பிடுங்க மாட்டார்கள்.

நான் பல் டாக்டர். பிரேசர் டவுனில் பிறந்தவள். பள்ளி, தேவாலயம், கல்யாணம் எல்லாமே அந்த நாலு தெருவுக்குள் முடிந்துவிட்டன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கன்டோன்மென்ட் பக்கம் இருந்த அந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். பல் பிடுங்குவதும் பல் கட்டுவதுமாக இருந்தவளை, சில வருடங்கள் கழித்து ஒரு சின்னப் பயிற்சிக்கு அனுப்பி, டாக்டர் சேஷாத்ரி புதிதாக ஆரம்பித்திருந்த தூக்கக் கோளாறுப் பிரிவில் கொண்டுபோய் விட்டார்கள். குறட்டைக்கும் பல் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று என் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சேஷாத்ரியும் அதையேதான் கேட்டார். அம்மா அன்பாகக் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சம்பந்தம் இதுதான். சிலருக்குத் தூங்கும்போது நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். மூச்சு நிற்கும். உடம்பு பதறி, ஒரு பெரிய குறட்டையோடு அரைகுறையாக விழிக்கும். மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. இரவெல்லாம் இப்படிப் போராடியவர் காலையில் எழுந்து, "நல்லா தூங்கினேன்" என்பார். பிறகு பகலில் கல்லாப்பெட்டி மேலும், ஃபைல் மேலும், ஸ்டீரிங் மேலும் சாய்ந்து சாய்ந்து தூங்குவார்.

இதற்கு எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மூக்கின் மேல் முகமூடியை மாட்டி, குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்துவைக்கும் இயந்திரம். இது டாக்டர் சேஷாத்ரியின் செல்லப்பிள்ளை. இன்னொன்று என்னுடையது. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் பிளாஸ்டிக்கில் தகடு செய்து, கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும்படி இரண்டையும் இணைத்துவிடுவோம். தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வந்துவிடும், வழி திறந்துகொள்ளும். இரவில் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் சில நாட்கள் தலையணை எச்சிலில் நனையும், காலையில் தாடை வலிக்கும், பிறகு பழகிவிடும்.

டாக்டர் சேஷாத்ரி இதற்கு வைத்திருந்த பெயர் பொம்மை. "மெஷின் வேண்டாம்னு அடம் பிடிக்கறவாளை எஸ்தர்கிட்ட அனுப்பு, பொம்மை பண்ணித் தருவா" என்பார். தண்டனை மாதிரி என்னிடம் வருவார்கள். அவர்களில் பலர் தகட்டைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினார்கள் என்பதை அவர் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய தாத்தா மகாராஜா காலத்தில் ஒரு தாலுகாவையே அதிகாரம் செய்த அமல்தார். அந்த நடை பேரனிடமும் இருந்தது. நோயாளிகளை விசாரிக்கும்போது அறைக்குள் ஒரு கோர்ட் கூடிவிடும். ஆண் நோயாளி மனைவியோடு வந்தால்தான் உள்ளே அனுமதி. மேஜைக்கு இடதுபுறம் மனைவிக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும். கேள்வியெல்லாம் அந்த நாற்காலிக்குத்தான். எங்கள் தெருவில் பேக்கரி வைத்திருந்த ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. உட்கார்ந்ததுமே, "நான் குறட்டையே விடறது இல்ல டாக்டர் சாப். இவ சும்மா ஜோடிச்சு சொல்றா" என்றார்.

"நீங்க தூங்கிண்டிருந்தேள். உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் டாக்டர் சேஷாத்ரி. "அவாதான் சாட்சி. நீங்க குற்றவாளி. பேசப்படாது."

பிறகு மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். மல்லாந்து படுத்தால் அதிகமா, நடுவில் மூச்சு நிற்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது, பகலில் எங்கெல்லாம் தூங்குகிறார். வருடக்கணக்காக யாரும் காது கொடுக்காத புகாரை ஒரு பெரிய டாக்டர் கேட்கிறாரே என்று அந்தப் பெண்கள் சில நேரம் அழுதுவிடுவார்கள். நன்றாக விசாரிப்பார், அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலு நல்ல வார்த்தையில் இதுவும் ஒன்று.

ஐந்தாவது வார்த்தை என்னவென்றால், டாக்டர் சேஷாத்ரியே தூங்குவார்.

பெருத்த உடம்பு, குட்டைக் கழுத்து, பின்வாங்கிய சிறிய தாடை. வியாதியின் படத்தை வரையச் சொன்னால் மாணவர்கள் அவரைப் பார்த்தே வரைந்துவிடலாம். கூட்டங்களில் தூங்குவார், அது பெரிய விஷயமில்லை, எல்லாரும் தூங்கினோம். நோயாளியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே தூங்குவார். "மூச்சை இழுத்து விடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் தூக்கத்துக்குள் போய்விடுவார். நோயாளி இழுத்து விட்டு, இழுத்து விட்டு, தனக்கு என்னவோ பெரிய வியாதி போலிருக்கிறது என்று வியர்த்துப்போவார். அப்போது எங்கள் நர்ஸ் ஃபிலோமினா கையிலிருக்கும் ஸ்டீல் ட்ரேயைத் தரையில் நழுவவிடுவார். டாக்டர் கண் திறந்து, "நெஞ்சு சுத்தமா இருக்கு" என்பார்.

எங்கள் பிரிவில் யாரும் அதைத் தூக்கம் என்று சொல்லமாட்டோம். "சார் யோசிக்கிறாரு" என்போம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்கள். "மேடம், சார் யோசிக்க ஆரம்பிச்சிட்டாரு, ஊசி போடற பேஷண்ட்டை அனுப்பட்டுமா?" என்று ஃபிலோமினா சிரிக்காமல் கேட்பார். தூக்க வியாதிக்கென்றே ஒரு பிரிவு, அதன் தலைவர் தூங்குகிறார், கண்டுபிடிக்கப் படித்த இத்தனை பேர் சுற்றி நிற்கிறோம், ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் மருத்துவமனைக்குள் நடந்தவரை வேடிக்கைதான். வாரம் ஒருநாள், ஊரை விட்டுத் தள்ளி, ஆனேக்கல்லில் எங்களுக்கு ஒரு கிளினிக் இருந்தது. டாக்டர் தன்னுடைய அம்பாசிடரில் எங்களை அழைத்துப்போவார். ஓட்டுவதும் அவரே. டிரைவர் வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்பது அவர் கொள்கை. முன்சீட்டில் நான், பின்சீட்டில் ஃபிலோமினாவும் அவருடைய ஜெபமாலையும். ஓசூர் ரோடு அப்போது லாரிக்காரர்களின் ராஜ்ஜியம். எதிரே ஒரு லாரி, அதைத் தாண்டிக்கொண்டு இன்னொரு லாரி, நடுவே இமை தாழ்ந்துகொண்டே வரும் எங்கள் தலைவர். எனக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தாள். 

அவரை விழித்திருக்கச் செய்ய ஒரே வழி பேச்சு. எந்தப் பேச்சும் ஆகாது. புகழ்ந்தால் அடுத்த சிக்னலுக்குள் தூங்கிவிடுவார். மறுத்துப் பேச வேண்டும். தகடுதான் இயந்திரத்தைவிட மேல் என்று ஆரம்பித்தால் பொம்மனஹள்ளி வரை தாங்கும். பிறகு மெட்ராஸ் ஃபில்டர் காபியில் சிக்கரி அதிகம் போட்டால்தான் ருசி என்பேன். அதில் கொஞ்ச தூரம் ஓடும். அதற்குப் பிறகுதான் என் பிரம்மாஸ்திரம். சர்ச்சில் கீதம் பாடுவதைத் தவிர எனக்குச் சங்கீதம் தெரியாது.

"சார், அந்தத் தோடி ராகம் இருக்கே, யாரோ அழற மாதிரியே இருக்கு" என்பேன்.

"என்னது?" முதுகு நிமிர்ந்துவிடும். "தோடியா? அழறதா? எஸ்தர், உனக்குக் காது எந்தப் பக்கம் இருக்கு?"

சந்தாபுரம் திரும்பும் வரை தோடி எங்களைக் காப்பாற்றும். இப்படியே வருடங்கள் ஓடின. பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத வீட்டில் வளர்ந்தவள் நான். பிழைப்புக்காகவும் உயிருக்காகவும் ஊரில் ஒரு சண்டைக்காரி ஆகிப்போனேன். வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டதாக என் கணவர் சொல்வார். அதையும் மறுத்துப் பேசுவேன்.

ஒரு டிசம்பரில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுத்தமாகக் குரல் இல்லை. லீவு போட்டிருக்கலாம். நான் வராவிட்டால் ஃபிலோமினா அவரோடு தனியாகப் போகவேண்டுமே என்று கிளம்பினேன். ஃபிலோமினாவிடம் பேச்சுக் கொடுக்கும்படி ஜாடை காட்டினேன். பாவம், அவருக்கு "ஆமா சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன், டாஷ்போர்டைத் தட்டினேன், இருமினேன். சந்தாபுரம் தாண்டும் வரை ஒப்பேற்றினோம்.

ஆனேக்கல் ரோட்டில் அறுப்புக் காலத்தில் ராகித் தாளைத் தார் மேலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்தே தானியத்தைப் பிரித்துவிடும். தூரத்தில் ஒரு பெண் குனிந்து தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். டாக்டரின் தலை நெஞ்சில் விழுந்தது. கார் இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு நேரே அந்தப் பெண்ணை நோக்கிப் போனது. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்து என் பக்கம், வயலை நோக்கி இழுத்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து ஒரே தாவாகத் தாவினார். அவர் குனிந்து நின்ற இடத்தின் மேலேயே ஏறி, கார் சாலையை விட்டு இறங்கி அறுத்த வயலில் போய் நின்றது.

டாக்டர் இறங்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பெண்ணிடம் கன்னடத்தில், "நாயி அட்ட பந்த்து" என்றார். நாய் குறுக்கே வந்துவிட்டதாம்.

அந்தப் பெண் சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "யாவ நாயி சாமி?" என்றார். எந்த நாய் என்று அவர் கேட்டபோது டாக்டர் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

கிளினிக் போய்ச் சேர்ந்தபோது அந்த நாய்க்குக் கறுப்பு நிறம் வந்திருந்தது. மதியச் சாப்பாட்டின்போது அது ஊனமான நாயாகியிருந்தது. ஊனமான நாயைக் காப்பாற்றத் தன் உயிரைப் பணயம் வைத்த மனிதரைப் பார்த்து ஆனேக்கல்லே நெகிழ்ந்தது. "நீயும் பாத்தே இல்லையா எஸ்தர்?" என்று எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார். எனக்குக் குரல் இல்லாததை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் நான் பஸ்ஸில் போகிறேன் என்று எழுதிக் காட்டினேன். ஃபிலோமினாவும் காரில் போனால் வாந்தி வருகிறது என்று ஒரு வியாதியைக் கண்டுபிடித்துக்கொண்டார். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுத் தனியாகவே காரில் கிளம்பினார். பஸ் ஜன்னல் வழியாக ரோட்டோரம் முழுக்க அவருடைய காரைத் தேடிக்கொண்டே போனேன். எங்கள் உயிர் தப்பிவிட்டது, அவர் உயிரும் குனிந்து தாளைப் புரட்டுகிறவர்களின் உயிரும் அங்கேயே இருந்தன. இதற்குப் பேசாமல் காரிலேயே போயிருக்கலாம் என்று தோன்றியது. கோபம் கோபமாக வந்தது.

குரல் திரும்பியதும் மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து. அவர் மனைவி மைதிலி அம்மா அதிகம் பேசாதவர். காபி கொடுத்தார். சார் ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று கேட்டேன்.

"அவர் குறட்டை விடறதில்லைன்னு சொல்லச் சொல்லியிருக்கார்" என்றார்.

ராகித் தாளின் மேல் கார் ஏறியதைச் சொன்னேன். அவரிடமும் நாய்க் கதைதான் வந்து சேர்ந்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்றேன். "என்னிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ஓ.பி. முடியும் நேரத்தில் ஃபிலோமினா கதவைத் திறந்து மைதிலி அம்மாவை உள்ளே விட்டார். அவர் நேரே போய் இடதுபுற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ எங்கே இங்க?" என்றார் டாக்டர்.

"கூப்பிட்டா, வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "பேஷண்ட் எங்கே?"

"உங்க நாற்காலிலதான் சார் உக்காந்திருக்காரு" என்றேன்.  "அன்னிக்கு நாயே வரல சார். நீங்க தூங்கிட்டீங்க. அந்தம்மா தாவலைன்னா செத்திருப்பாங்க."

அந்த அறையில் அவரைப் பற்றித் தூக்கம் என்ற சொல்லை ஒருவர் சொன்னது அதுவே முதல்முறை. ஃபிலோமினா சுவரோடு ஒட்டிக்கொண்டார். டாக்டரின் முகம் சிவந்தது. "நான் கண்ணை மூடிண்டு யோசி..." என்று ஆரம்பித்தார்.

"பேசப்படாதுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்றேளாம்" என்றார் மைதிலி அம்மா.

 நான் முதல் கேள்வியைக் கேட்டேன். மல்லாந்து படுத்தால் குறட்டை அதிகமா என்று.

"எப்படிப் படுத்தாலும்."

"நடுவுல மூச்சு நிக்குதாம்மா?"

"நிக்கறது."

"எவ்வளவு நேரம்?" இதைக் கேட்டது நான் இல்லை, டாக்டர். பழக்க தோஷம். புருஷன் எங்கோ போய்விட்டார், டாக்டர் மட்டும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெருமாளே பெருமாளேன்னு சொல்லிண்டே இருப்பேன். சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோகும். அப்பறம்தான் வரும்." மைதிலி அம்மா புடவைத் தலைப்பைப் பார்த்தே பேசினார். "முன்னெல்லாம் தட்டி எழுப்புவேன். கோவிச்சுண்டேள். கூடத்துல படுத்துக்க ஆரம்பிச்சேன். காத்தால காபியோட வந்து கதவுக்கு வெளியில நின்னு குறட்டை கேக்கறதான்னு பாப்பேன். கேட்டாத்தான் உள்ள வருவேன். இத்தனை வருஷமா ஒருநாள்கூடக் கேக்காம உள்ள வந்ததில்லை."

 டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அன்று சாயங்காலம் கார் மருத்துவமனையிலேயே நின்றது. மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரரோடு உரக்கச் சண்டை போட்டு, மனைவியோடு வீட்டுக்குப் போனார். சாவியை மைதிலி அம்மா பையில் போட்டுக்கொண்டதை நாங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தோம்.

இனி எல்லாம் சுபம் என்று நினைத்தவர்களுக்கு டாக்டர் சேஷாத்ரியைத் தெரியாது. தூக்கப் பரிசோதனையின் வரைபடத்தை அவரே படித்து, "மோசமான கேஸ்" என்றார், யாருடையதோ போல. தன் செல்ல இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். முகமூடியைத் தாங்க முடியாதவர்களை மனோதிடம் இல்லாதவர்கள் என்று திட்டியவர், தானே மாட்டியதும் மூச்சு முட்டுகிறது என்று பிய்த்தெறிந்தார். அடுத்த ராத்திரியும் பிய்த்தார். இயந்திரத்தின் தரம் குறைந்துவிட்டது என்று கண்டுபிடித்தார். அந்த வாரங்களில் எங்களோடு ஆனேக்கல் பஸ்ஸில் வந்தார். ஆனேக்கல் சந்தைக்குப் போகும் காய்கறிக்காரர் ஒருவரின் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார்.

கடைசியில் ஒருநாள், எல்லாரும் போன பிறகு, என் அறைக்கு வந்தார். "பொம்மை எப்படித்தான் பண்றேன்னு பாக்கலாம்னு வந்தேன்" என்றார். உட்காரச் சொன்னேன். பல் அச்சு எடுக்க, குழைத்த மாவைத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்திக் கெட்டியாகும் வரை பிடிக்க வேண்டும். பலருக்குக் குமட்டும். ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மனசு காலுக்குப் போய்விடும், தொண்டை சும்மா இருக்கும். அமல்தார் பேரன் வாய் நிறைய மாவோடு, ஒரு காலை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, என்னை முறைத்துக்கொண்டிருந்தார். மாவு சீக்கிரமே இறுகிவிட்டது. இன்னும் கொஞ்சம் அப்படியே இருங்கள் என்றேன்.

தகட்டைப் போட்டுவிட்டு, வாராவாரம் ஒரு சின்னத் திருகைத் திருகிக் கீழ்த்தாடையைச் சிறிது சிறிதாக முன்னால் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறையும், இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றார். குறட்டை குறைந்திருப்பதாக மைதிலி அம்மா சொன்னார். அடைப்பு முழுக்க விலகிவிட்டதா என்று மறுபடியும் பரிசோதிக்கும் வரை சாவி அம்மாவிடமே இருக்கட்டும் என்றேன்.

ஒருநாள் காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"எஸ்தர்," என்றார் மைதிலி அம்மா. கிசுகிசுப்பாக இருந்தது. "சத்தமே இல்லை."

"என்ன சத்தம்மா?"

"குறட்டை. கதவுக்கு வெளியில நின்னு நின்னு பாத்தேன். ஒண்ணுமே கேக்கலை. காபி ஆறிப்போயிடுத்து. உள்ள போகக் காலே வரமாட்டேங்கறது."

தகடு வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்காகத்தான் இத்தனை பாடுபட்டோம். எனக்கு அது தெரியும், ஆனாலும் வாயில் வரவில்லை. பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. "போனை வெச்சுடாதீங்கம்மா, போய்ப் பாருங்க" என்றேன்.

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. காலடி, கதவு. பிறகு ஒன்றுமில்லை. மகள், "அம்மா, முடி வலிக்குது" என்றாள். அவள் பின்னலை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பிறகு, தூரத்தில், வாய் நிறையப் பிளாஸ்டிக்கோடு யாரோ என்னவோ கேட்டார்கள். ஒன்றும் புரியவில்லை. தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் கேட்டார்.

"என்ன இது, காபி பச்சைத் தண்ணியா இருக்கு?"

 மைதிலி அம்மா அழுகிற சத்தம்தான் கேட்டது, அடக்காமல், வாய்விட்டு. டாக்டர் சேஷாத்ரி திகைத்துப்போயிருக்க வேண்டும். நான் கேட்டதிலேயே மெதுவான குரலில் சொன்னார்:

"இதுக்குப் போய் யாராவது அழுவாளா? வேற போட்டுக்கலாமே."